ஐம்பத்தேழாவது ஏற்றம்

கடலுக்கு இரண்டு பென்சில் போதும் என்பாள்
எர்சிலியா ஓயார்சூன்,
படகோனியாவின் லொயோலா முனையில்
துறைமுக அலுவலகத்தின் ஒரே எழுத்தர்.
கறுப்பு நிலவுக்கு. சிவப்பு சூரியனுக்கு.
பச்சை ஒன்றும் உண்டு,
அதை எப்போதாவதுதான் சீவுவாள்.

ரோசமெல் பாமோந்தே உள்ளே வந்தபோது
காற்று அவன் கையிலிருந்து கதவைப் பிடுங்கியது.
"தெரெசித்தா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.
நேற்று இரவு மூன்று மணிக்கு, நீர் உச்சியில் நின்றபோது."
வற்றத்தில் தரைதட்டியிருந்தால்
ஆறு மணி நேரம், நாலு குவளை மாட்டே,
கதை முடிந்தது.
அமாவாசை உச்சியில் தட்டிய படகுக்கு
அடுத்த ஏற்றம் எட்டாது.
அதற்கடுத்ததும் எட்டாது.

வரைதாளை விரித்தாள்.
நிலவுக்கு நான்கு மீட்டர் வீச்சில் ஒரு சைன்,
பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு
ஒரு மூச்சு.
சூரியனுக்கு ஒரே மீட்டர்,
பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு மணி,
அலுவலகக் கடிகாரம் மாதிரி.
அவளுக்குக் கூட்டல் என்பது கவராயத்தின் வேலை:
சிவப்பின் உயரத்தை இரு கால்களால் கவ்விக்
கறுப்பின் தோளில் ஏற்றுவது,
சிவப்பு அச்சுக்குக் கீழே போனால்
கறுப்பையும் அந்த அளவு கீழே இழுப்பது.
புள்ளி, புள்ளி, பிறகு புள்ளி.
ரோசமெல் தொப்பியைக் கழற்றாமலே பார்த்திருந்தான்.

ஏற்றத்துக்கு ஏற்றம் அந்த இருபத்தைந்து நிமிடம் சேர்ந்து
ஏழாம் நாள் தாண்டும்போது
நிலவின் முகடு சூரியனின் பள்ளத்தில் விழுந்தது.
ஐந்து மீட்டர் மூன்றாகியது.
அட்டமி, ஒன்றுக்கும் உதவாத நாள்.
பிறகு இரண்டும் சமாதானமாகி
பதினைந்தாம் நாள் மறுபடி ஒரே முகடு.
"பதினைந்து நாள்," என்றாள்.
வெளியே வந்தவன் நேரே போய்
இரண்டு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கினான்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.
பேரேட்டில் பழைய பவுர்ணமிகளைப் புரட்டினால்
ஒன்றைப்போல் ஒன்று இல்லை.
பச்சையைச் சீவினாள்.
நிலவு கிட்டே வருவதும் தூரப் போவதும்:
எண்பது சென்டிமீட்டர்,
பன்னிரண்டு மணி முப்பத்தொன்பது நிமிடம்.
படகு தட்டிய இரவில்
மூன்றும் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நின்றிருந்தன.
பதினைந்தாம் நாளிலோ
பச்சை சரியாகத் தலைகீழ்.
தண்ணீர் தோளளவு குறையும்.

விடிந்ததும் சேற்றில் நடந்து போய்ச் சொன்னாள்.
"கூட்டினது தப்பா?"
"கூட்டினது சரி. ஒன்றைக் கூட்டாமல் விட்டேன்."
அவன் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தான்.

பதினைந்தாம் நாள் இரவு, இருந்தாலும் இருக்கட்டும் என்று
லாந்தரோடு வந்து நின்றான்.
நீர் வந்தது, அடிக்கட்டையை நனைத்தது,
அவள் கோடு சொன்ன இடத்தில் நின்றது,
திரும்பியது.
தன் கணக்கு பலித்ததை
இவ்வளவு வெறுத்ததில்லை அவள்.

ஐம்பத்தேழாவது ஏற்றம்.
முப்பதாம் நாள், பிற்பகல்.
மூன்று கோடுகளையும் மூன்று முறை கூட்டிப் பார்த்தாள்:
மூன்றும் ஏறக்குறைய ஒன்றுசேர்கின்றன,
ஏறக்குறைய.
நான்கு விரற்கடை குறைகிறது.
அந்த நான்கு விரற்கடைக்கு
எந்தப் பென்சிலும் இல்லை.

காலையிலிருந்தே இறக்கினார்கள்.
நங்கூரச் சங்கிலி, ஐஸ் பெட்டிகள், வலை,
மகன் எலிசெயோ முதுகில் சுமந்த உதிரி எஞ்சின் பாகங்கள்,
கடைசியாக இரும்பு அடுப்பு.
எர்சிலியாவும் ஒரு முனை பிடித்தாள்,
சப்பாத்து சேற்றோடு போயிற்று.

மூன்றே காலுக்குத் தெரெசித்தா
ஒரு பக்கமாக முனகினாள்.
பிறகு சத்தமில்லை.
சத்தமில்லாததுதான் அடையாளம்:
மிதக்கிறாள்.

பேரேட்டில் அவள் எழுதியது
நேரமும் நீர் உயரமும் மட்டும்.
வரைதாளின் உச்சிப் புள்ளிமேல்
ரோசமெலின் சிவப்புக் கட்டைவிரல் பதிந்திருந்தது.
அதை அழிக்கவில்லை.

மாலை வற்றத்தில்
நட்டநடுச் சேற்றில் தனியாக நின்ற அடுப்பில்
யாரோ தீ மூட்டி
மாட்டேக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள்.